எதிர்வீட்டுக் கப்பல்படை

அளவு ஜாக்கெட் கொண்டாரலியா? அப்போ எத்த வெச்சிம்மா நான் தைக்கறது? பிட்டை மட்டும் நீட்டினா ஆச்சா? உங்களுக்கா, பொண்ணுக்கா? பொண்ணுக்கு. சரி. பொண்ணும் வரல, அளவும் வரல. இந்தப் பிட்டு கூட, தப்பா எடுத்துக்காதீங்க, எந்தச் சேலைக்குன்னு கேட்டா உங்களுக்கே தெரியாது. இப்பத்தான் தெருமுனைக் கடையில வாங்கினது. மடிப்பு கூட கலையல பாருங்க.

ஏந்திரிக்காதீங்க, உக்காருங்கம்மா. நான் ஒண்ணும் கோவிச்சிக்கல. நீங்க தைக்க வரல, எதிர் வூட்டு பிரேம்நாத்தைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. இதுல இன்னா கூச்சம்? பொண்ணைக் குடுக்கறவங்க விசாரிக்காம இருப்பாங்களா? எங்க தெருவுல மாப்பிள்ளை விசாரிக்க வர்ற ஆம்பளைங்க பொட்டிக்கடையில சோடா குடிப்பாங்க. பொம்பளைங்க என்கிட்ட வந்து பிட்டு குடுப்பாங்க. ஒருத்தர் கூட அளவு ஜாக்கெட் கொண்டாந்தது கெடையாது. அதுல இருந்தே எனக்குத் தெரிஞ்சிடும்.

எந்த ஊரு, முசரவாக்கமா? நெலம் இருக்குதா? நல்லது. பொண்ணு பேரு? பொன்னி. நல்ல பேரும்மா. ஒரகடத்துல கம்பெனி வேலையா, பஸ்ஸு வந்து கூட்டிக்கினு போவுதா? இவ்ளோ நல்ல பொண்ணை வெச்சிக்கினு இந்த வூட்டுப் பக்கம் எதுக்கும்மா வந்தீங்க?

ஆமா, என் கடைக்கு போர்டு கூட கெடையாது. எப்படி நேரா இங்க வந்தீங்க? யாராச்சும் கை காட்டினாங்களா? சரி, சொல்லாட்டி போங்க. சும்மாதான் கேட்டேன்.

நான் ஊக்கு தெச்சிக்கினே பேசறேன், சாயந்தரம் குடுக்கணும் இது. நீங்க கேக்கறதெல்லாம் கேளுங்க. குடியா? இல்ல. சிகரெட்டு? அந்தப் புகை வந்தாலே தும்முவான். அவருன்னுதான் சொல்லணும் உங்க எதிர்ல, ஆனா ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளாசு, எனக்கு அவருன்னு வாயில வராது. சீட்டு கெடையாது. பொம்பள விஷயமா? அத்த வுடுங்க. கெட்ட சகவாசம்? அதுக்குத்தான் வரேன். சகவாசம் எல்லாம் கப்பலோட.

ஹார்பர்ல வேலை இல்லம்மா. அப்படின்னு யாரு சொன்னது உங்களுக்கு? தரகரா? அந்த ஆளு பாதியைக் கேட்டுட்டு மீதியை வாயில போட்டுக்குவாரு. காஞ்சிபுரத்துல இன்னா கப்பல்? வேகவதியில தண்ணி ஓடினாலே ஜனம் பாலத்து மேல நின்னு வேடிக்கை பாக்குது. இது அட்டைக் கப்பல். இம்மாம் பெருசு, என் ஆள்காட்டி விரல் நீளம். முப்பத்தாறு வயசு ஆம்பள, பேண்ட்டு போட்டு டக்-இன் பண்ணிக்கினு வேலைக்குப் போற ஆம்பள, ஞாயித்துக்கெழமை ஆனா மாடி ஷெட்டுல அட்டைக் கப்பல் வுட்டு சண்டை போடறான். சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்கு சொல்லல.

இன்னா சண்டையா? ரெண்டாயிரத்து ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி கிரேக்கக்காரனும் பாரசீகக்காரனும் கடல்ல அடிச்சிக்கினாங்களாம். பாரசீகக்காரன்கிட்ட கப்பலு ஏகப்பட்டது. கிரேக்கக்காரன் அத்தினியும் ஒரு சந்துக்குள்ள வரவழைச்சி, திரும்ப வழி இல்லாம பண்ணி இடிச்சானாம். முடிஞ்சி போச்சி. செத்தவன் செத்தான், எலும்பு கூட மிச்சம் இல்ல. அந்தச் சண்டையை இவன் மறுபடி மறுபடி நடத்தறான். ஏன்டா, முடிஞ்ச சண்டையில உனக்கு இன்னா அக்கறைன்னு கேட்டா, அன்னிக்கி காத்து கொஞ்சம் மாறி அடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்னு பாக்கறேன்றான். இன்னா ஆயிருக்கும்? இவனுக்கு சம்பளம் ஒசந்திருக்குமா?

நம்ம ராஜாங்க கப்பலு வுட்டாங்களே, அத்த பண்ணேன்டான்னும் கேட்டுப் பாத்தேன். நம்ம ஆளுங்க கப்பலு இன்னா அளவு, எத்தினி துடுப்புன்னு சரியா தெரியாதாம், தெரியாத ஒண்ணை இஷ்டத்துக்கு பண்ணக் கூடாதாம். அட்டையில பண்றதுக்கு இவ்ளோ நேர்மை.

வெளிநாட்டுல இந்த விளையாட்டுக்குன்னே ஈயத்துல வார்த்து விக்கறாங்களாம். இவன் சம்பளத்துல அந்தக் கப்பலோட வாலைக் கூட வாங்க முடியாது. அதனால துரை சொந்தமா பண்றாரு. எத்த வெச்சின்னு கேளுங்க. இவன் வேலை இன்னா, டிசைன் போடறது. பட்டுச் சேலையில மயிலு, அன்னம், யானை எல்லாம் எப்படி வருதுன்னு நெனச்சீங்க? கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா படம் போட்டு, அப்பால அட்டையில ஓட்டை குத்தி, அந்த அட்டைங்களை சரமா கோத்து தறி மேல மாட்டுவாங்க. எங்க ஓட்டை இருக்குதோ அங்க நூலு எழும்பும். ஜக்கார்டு அட்டைம்பாங்க. டிசைன் ஓடி முடிஞ்சா அட்டை எடைக்குப் போவும். துரை அத்த வூட்டுக்குக் கொண்டாந்து மடிச்சி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, கப்பலுக்கு உடம்பு பண்ணுவாரு. அட்டையிலதான் வரிசையா ஓட்டை இருக்குதே, அதுல தொடப்பக் குச்சியை சொருவினா துடுப்பு. அவங்க அம்மா அன்னம்மாக்கா தொடப்பம் வாங்கி மாளல. வாங்கின மறு வாரம் மொட்டையா நிக்குது.

பாய்மரம் ஊதுவத்திக் குச்சி. மூக்குல எதிரிக் கப்பலை இடிக்கறதுக்கு பித்தளையில ஒண்ணு இருக்குமாம், அதுக்கு தீந்து போன ரீஃபிலோட முனை. பாய் மட்டும் சுத்தமான பட்டு. எங்கருந்தா? தோ, இந்தக் கூடையில இருந்துதான். நான் ஜாக்கெட் வெட்டி மிஞ்சற துண்டை அள்ளிக்கினு போயிடுவான். கடலுக்கு நீலத்துல விரிக்கற லைனிங் துணி, அதுவும் என்னுது. தூரம் அளக்கறதுக்கு இன்ச் டேப்பு, நான் நம்பர் அழிஞ்சி போச்சின்னு மாத்தினது. கரை போடற சாக்பீசும் இங்கருந்துதான் போவுது. அப்பால, கப்பலு மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணு இருக்கணுமாம், கண்ணு இல்லன்னா கப்பலுக்கு வழி தெரியாதாம். அதுக்கு ஸ்டிக்கர் பொட்டு, கடுகளவு இருக்கும் பாருங்க, அது. கடைக்குப் போய் ஆம்பள பொட்டு வாங்க வெக்கமா இருக்குதாம். இந்தக் கண்ணாடியில நான் ஒட்டி வெச்சதை எல்லாம் பேத்துக்கினு பூட்டான். பாரசீகப் படை மொத்தமும் என் நெத்தியில இருந்த பொட்டை வெச்சிக்கினுதான் வழி பாக்குது. வெக்கங்கெட்ட பயலுக்கு அதுக்கு மட்டும் வெக்கம் வரல.

காப்பி சொல்லட்டா? வேணாமா. பஸ்ஸு எத்தினி மணிக்கு? அது வர்ற நேரத்துக்கு வராது, உக்காருங்க.

கூட வெளையாடறதுக்கு ரெண்டு பேரு. ஷோயப்புன்னு ஒருத்தரு, மொபைல் ரிப்பேர் கடை. கடைக்கு வர்ற போனை எல்லாம் நாளைக்கி நாளைக்கின்னு அனுப்பிட்டு இங்க வந்து துடுப்பு நேரா இருக்குதான்னு பாப்பாரு. இன்னொருத்தரு சபாபதி வாத்தியாரு. ரிட்டயர்டு. சரித்திரம் நடத்தறேன்னு முப்பது வருஷம் பசங்களைத் தூங்க வெச்சவரு, இப்போ கிரேக்கக் கப்பலுக்கு தளபதி. இந்த ரெண்டு பேரும் ஒரு கட்சி. பாரசீகத்துக்கு வேற ஒரு ஆளு. அது ஒரு கிறுக்கு, அத்த அப்பால சொல்றேன். பிரேம்நாத் எந்தக் கட்சியும் கெடையாது. நடுவராம். அந்தக் காலத்துல பாரசீக ராஜா கரையில நாற்காலி போட்டு உக்காந்து சண்டையை வேடிக்கை பாத்தாராம். அந்த மாதிரி இவன் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கினு தாயக்கட்டையை உருட்டி, நீ மூழ்கிட்டே, நீ தப்பிச்சிட்டேன்னு சொல்லுவான். சும்மா உக்காந்து பாக்கறதுக்கு இந்த ஊர்ல இவனை மிஞ்ச ஆளு கெடையாது. எத்தயும் பாப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான்.

புத்திசாலியா? நல்லா கேட்டீங்க போங்க. மொத மொதல்ல படை கட்டினான் பாருங்க, அப்போ பாய் வெறப்பா நிக்கணும்னு கஞ்சி போட்டான். அவங்கப்பா நெசவு. தெருவுல பாவு நீட்டி கஞ்சி போட்டு வளர்ந்த வூடு, எத்தப் பாத்தாலும் கஞ்சி போடணும்னுதான் கை போவும். அட்டைக்கும் மைதா பசை. ஃபெவிகால் வாங்க மனசு வரல. எல்லாத்தையும் நறுவிசா ட்ரங்குப் பொட்டியில அடுக்கி வெச்சான். சண்டை அன்னிக்கி வாத்தியாரு கண்ணாடியைத் தொடச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு, இவன் பொட்டியைத் தொறக்கறான், உள்ள கரப்பான். கிரேக்கப் படை மொத்தமும் சாப்பிட்டு முடிச்சிட்டு குடும்பத்தோட உக்காந்துக்கினு இருக்குது. பாரசீகக்காரன் லட்சம் பேரு சேர்ந்து பண்ண முடியாததை எங்க தெரு கரப்பான் ஒரே வாரத்துல பண்ணிடிச்சி. வாத்தியாரு அழுவற மாதிரி ஆயிட்டாரு. இவன் இன்னா பண்ணான்றீங்க? ஓட்டையான பாயைத் தூக்கிப் பாத்துட்டு, பரவால்ல, புயல்ல அடிபட்ட மாதிரி இருக்குது, இப்படியே ஆடலாம்னான்.

நான் ஏன் இவ்ளோ தெரிஞ்சி வெச்சிக்கினு இருக்கேனா? எதிர்ல உக்காந்துக்கினு இருக்கேன், கண்ணை மூடிக்கினா தைக்க முடியும்?

இல்ல, எனக்குக் கல்யாணம் ஆச்சி. ஆயி முடிஞ்சும் போச்சி. கழுத்தைப் பாத்தீங்க இல்ல, நானே சொல்லிடறேன். வாலாஜாவுல குடுத்தாங்க. அந்த ஆளு குடிக்கல, கை ஓங்கல. தங்கமான மாப்பிள்ளைன்னு விசாரிச்சவங்க எல்லாம் சொன்னாங்க. நான் வாயைத் தொறந்தா டிவி சவுண்டை ஏத்துவாரு. அவ்ளோதான். நான் பேசப் பேச ஏத்துவாரு. கோர்ட்டுல இன்னாம்மா காரணம்னு கேட்டாங்க. இத்தப் போய் எப்படி சொல்றது? ஒத்து வரலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இங்க வந்து ஒரு மிஷினைப் போட்டு உக்காந்தேன். அதனால சொல்றேம்மா, குடி இல்ல சிகரெட் இல்லன்னு விசாரிக்கறதெல்லாம் விசாரிப்பே கெடையாது.

பிரேம்நாத்தா? அவன் நாம பேசினா கேப்பான். மண்ணு மாதிரி உக்காந்து கேப்பான். போன மாசம் சொன்னதை இந்த மாசம் திருப்பிச் சொல்லுவான். அது ஒரு பெருமையா? காது இருக்குது, கேக்கறான். வாய் இல்லியே அவனுக்கு.

வேலை எப்படின்னு கேட்டீங்க. வேலை போவப் பாத்துது, அத்தயும் சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. அதுக்கு மொதல்ல ஒரு ராணி கதையைச் சொல்லணும். பாரசீகப் படையில ஒரு பொம்பள இருந்தாளாம். ஒரு ஊருக்கு ராணி, சொந்தமா கப்பலு கொண்டாந்திருந்தா. சண்டையில எதிரி ஒருத்தன் அவளைத் தொரத்திக்கினு வர்றான். முன்னாடி போவ வழி இல்ல, அவங்க ஆளுங்க கப்பலே அடைச்சிக்கினு நிக்குது. அவ இன்னா பண்ணா தெரியுமா? தன்னோட கட்சிக் கப்பலையே இடிச்சி மூழ்கடிச்சிட்டா. தொரத்தினவன் பாத்தான், அடடா இது நம்ம கட்சி போலன்னு திரும்பிப் போயிட்டான். கரையில உக்காந்திருந்த ராஜா, ராணி எதிரியைத்தான் மூழ்கடிச்சான்னு நெனச்சி பாராட்டினாராம். பைத்தியக்கார ராஜா. எத்த இடிச்சான்னு கூட பாக்கத் தெரியல.

அந்த ராணிக்குன்னு தனியா ஒரு கப்பலு பண்ணினான். அதுக்கு மட்டும் பாய் ரெண்டு கலரு, அரக்கு ஒடம்பு, பச்சைக் கரை. என் ஜாக்கெட் துண்டுதான், நான் நல்லதுக்குப் போடறதுன்னு தெச்சேன், அதுல மிஞ்சினது. கண்ணுக்கு வெச்ச பொட்டும் மத்ததை விட ஒரு சுத்து பெருசு.

கப்பலு பண்ணி முடிச்சி கொஞ்ச நாளு. முதலாளி ஒரு பழைய டிசைனை மறுபடி தறியில ஏத்தச் சொல்லியிருக்காரு. கல்யாண ஆர்டரு. ஏத்தி, முந்தி ஓட்டி, கீழ எறக்கிப் பாத்தா மயிலுக்கு கழுத்து இல்ல. உடம்பு இருக்குது, அது மேல நேரா தலை உக்காந்துக்கினு இருக்குது. கோழிக்குஞ்சு மாதிரி. பட்டும் ஜரிகையுமா கழுத்து இல்லாத மயிலு வரிசையா நிக்குது. துரை எடைக்குப் போற கட்டுன்னு நெனச்சி, பத்திரமா வெச்சிருந்த டிசைன் கட்டுல இருந்து உருவிக்கினு வந்திருக்காரு. மயிலோட கழுத்து பாரசீகப் படையில மெதந்துக்கினு இருக்குது. எந்த ஊர்லயாச்சும் இந்த மாதிரி ஒரு தப்பு நடக்குமாம்மா? ஒரு மனுஷன் மயிலு கழுத்தை அறுத்து கப்பலு பண்ணுவானா?

முதலாளி சாயந்தரத்துக்குள்ள அட்டை வரல, நீயும் வராதன்னுட்டாரு. படையை மொத்தமா தூக்கிக்கினு இங்கதான் வந்தான். நான் இந்த இஸ்திரிப் பொட்டியோட ஆவியைக் காட்டி பசையை எளக்கிக் குடுக்க, அவன் ஒவ்வொரு கப்பலா பிரிச்சி அட்டையில இருக்கற நம்பரைப் பாத்து அடுக்கறான். மாசக்கணக்குல பண்ணின கப்பலு எல்லாம் இந்த மேஜை மேல அட்டை அட்டையா கெடக்குது. எனக்கே பாக்க சகிக்கல, அவன் பாட்டுக்கு நம்பரைத் தேடிக்கினு இருக்கான். கழுத்து கிட்டத்தட்ட வந்துடிச்சி. இன்னும் கொஞ்சம் அட்டை கொறையுது. அது ராணி கப்பலுல இருக்குது. எடுத்துக் குடுடா, ஆவி காட்டறேன்னு கையை நீட்டறேன். வேணாம்னுட்டான்.

வேணாம்னா? வேலை போவப் போவுது. அவங்கப்பாவுக்கு மாசா மாசம் மாத்திரை. இவன் வேணாம்ன்றான். அத்தப் பிரிக்க வேணாம் சங்கரி, நான் புதுசா குத்திக்கறேன்னுட்டு, கம்ப்யூட்டர் படத்தைப் பாத்து, கொறைஞ்ச அட்டையை மட்டும் கையாலயே ஓட்டை ஓட்டையா குத்தினான். ஒரு ஓட்டை தப்பினா மயிலுக்கு சுளுக்கு. நாப்பது கப்பலைப் பிரிச்சவனுக்கு ஒரு கப்பலைப் பிரிக்க இன்னா கேடு? ஆவி காட்டினா ஒரு நிமிஷம். அறிவு இருக்கறவன் பண்ற வேலையா இது?

ஏன் பிரிக்கலன்னு என்னைக் கேட்டா? எனக்கு எப்படிம்மா தெரியும். பொட்டு பேந்துடும்னு நெனச்சிருப்பான்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நூலு அறுந்துடிச்சி, இருங்க கோத்துக்கறேன்.

நீங்க பொண்ணைப் பெத்தவங்க, அதனால ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன். உங்க பொன்னி வாரம் பூரா கம்பெனியில நின்னுக்கினே வேலை பாத்துட்டு ஞாயித்துக்கெழமை ஒரு நாளு வூட்ல இருக்கும். சினிமாவுக்குப் போவணும், கோயிலுக்குப் போவணும்னு ஆசை இருக்கும். இவன் மாடிக்குப் போயிடுவான். மொதல்ல பொறுத்துக்கும். அப்பால ஒரு நாளு இந்தக் குப்பையை எடைக்குப் போடுன்னு சொல்லும். தப்பே கெடையாது, நான் அந்த எடத்துல இருந்தாலும் சொல்லுவேன். சொன்னா போட்டுடுவான்மா. அதான் விஷயம். சண்டை போட மாட்டான், கத்த மாட்டான். பொட்டியோட தூக்கிக்கினு போய் எடைக்குப் போட்டுட்டு, வர்ற வழியில பொன்னிக்கு மல்லிப்பூ வாங்கிக்கினு வருவான். அவ்ளோ மண்ணு அவன். எல்லாம் போயிடும். ஷோயப்பு போன் ரிப்பேரைப் பாக்கலாம், வாத்தியாரு வூட்ல தூங்கலாம். ஞாயித்துக்கெழமை மத்தியானம் நான் இன்னாம்மா பண்றது?

ஆமா. நான்தான். அந்தப் பாரசீகக் கிறுக்கு நான்தான். கத்திரி கேட்டு வாங்கிக்கினு போயி திருப்பித் தரலன்னு ஒரு நாளு மாடி ஏறினேன். பாரசீகத்துக்கு ஆளு இல்லாம முழிச்சிக்கினு இருந்தாங்க. ராணி கப்பலை மட்டும் கொஞ்சம் நகத்து சங்கரின்னான். நகத்தினேன். அப்பால அந்தப் பக்கத்துக் கப்பலு எல்லாமே என்னுதா ஆயிடிச்சி. நான் மேல போய் வாய் ஓயாம திட்டிக்கினே ஆடுவேன். அவன் சேர்ல உக்காந்து கேட்டுக்கினு இருப்பான். அங்க டிவி கெடையாது.

என்னைக் கட்டிக்கறியான்னு அவன் கேட்டானான்னு பாக்கறீங்களா? எங்க கேட்டான். இத்தினி வருஷத்துல ஒரு வார்த்தை இல்ல. நானும் கேக்கல. வாலாஜாவுல இருந்து திரும்பி வந்தவ, நான் வாயைத் தொறந்தா தெரு இன்னா பேசும், அன்னம்மாக்கா இன்னா பேசும்? அதனால வர்றவங்களை எல்லாம் இந்த மாதிரி உக்கார வெச்சி அவனைக் கிழிச்சி அனுப்பறேன். உத்திரமேரூர்ல இருந்து வந்தாங்க. செய்யாறுல இருந்து வந்தாங்க. எல்லாரும் பிட்டைச் சுருட்டிக்கினு பூட்டாங்க. ஏன் ஒண்ணும் அமைய மாட்டேங்குதுன்னு அன்னம்மாக்கா காமாட்சிக்கு வெளக்கு போட்டுக்கினு இருக்குது. அது தெரிஞ்சா என்னைச் சும்மா வுடுமா? நீங்களும் தாராளமா போயி சொல்லுங்கம்மா. எனக்கும் அலுத்துடிச்சி.

இன்னா? யாரு? மறுபடி சொல்லுங்க.

அவனேவா? நீங்க வூட்டுக்குள்ள போயி அன்னம்மாக்கா குடுத்த காப்பி குடிச்சிட்டா வர்றீங்க, நான் சாப்பிடப் போயிருந்தப்பவா? சரி, வெளியில வரும்போது. வாசல் வரைக்கும் கூட வந்து. இன்னா சொன்னான்? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை வுடாம சொல்லுங்கம்மா.

என்னைப் பத்தி வேற யாரையும் கேக்காதீங்கன்னானா? எதிர்ல தையக்கடையில சங்கரின்னு இருக்காங்க. அவங்க இன்னா சொல்றாங்களோ, அதான்.

அதான். அதான்னானா. இருக்காங்கன்னானா என்னை.

அப்போ செய்யாறுகாரங்களையும் அவன்தான் அனுப்பியிருக்கான். அந்த உத்திரமேரூர் அம்மா கூட வேற யாரையும் கேக்காம நேரா இங்கதான் வந்துது. நான் யாருக்கும் தெரியாம பண்றேன்னு நெனச்சிக்கினு இருக்கேன், அவன் ஆளுங்களை அனுப்பிட்டு மேல நின்னுக்கினு... தோ, அங்க மாடியில பாருங்க. கைப்பிடி செவுரு மேல சாஞ்சிக்கினு, கையில ஒரு கப்பலை வெச்சி ஊதிக்கினு இருக்கான் பாருங்க, பெயிண்ட்டு காயணுமாம். எவ்ளோ நேரமா நிக்கறான்? நீங்க வந்ததுல இருந்தா? பாத்தீங்க, என்கிட்ட சொல்லல.

நான் ஒண்ணும் அழுவல. ஊசி குத்திடிச்சி.

இத்தச் சொல்றதுக்கு வாய் இல்ல ஒருத்தனுக்கு. மூணு ஊருப் பொம்பளைங்களை பஸ்ஸு ஏத்தி வரவழைச்சி, பிட்டு வாங்க வெச்சி, எனக்கு சேதி அனுப்பறான். இவனை இன்னா பண்றது? இவனையெல்லாம் நம்பி ஒருத்தி குடும்பம் நடத்தணும். கருமம்.

நீங்க ஏம்மா சிரிக்கறீங்க, உங்களுக்குத்தான் வந்த வேலை கெட்டுது. பொன்னி கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. அந்தப் பிட்டு இங்கயே இருக்கட்டும். பொண்ணுக்கு நல்ல எடமா அமையும், அமைஞ்சதும் அளவு ஜாக்கெட்டோட வாங்க, கல்யாண ஜாக்கெட்டு நான் தெச்சித் தரேன். அந்த மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்கணும்னாலும் வாங்க, எப்படிக் கேக்கறதுன்னு சொல்லித் தரேன்.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க, ஷட்டரை எறக்கணும். இல்லம்மா, அவன் எல்லாம் எறங்கி வர மாட்டான். நான்தான் மேல போவணும். அவன் எறங்கி வரட்டும்னு உக்காந்துக்கினு இருந்தா மறுபடியும் கரப்பான் வந்து படையைத் தின்னுட்டுப் போயிடும்.